ஒரு ஆள் குறையுது

என் பழைய லப்டொப்பில் இரண்டு பையன்கள் இன்னமும் வட துருவத்துப் பக்கம், கடலுக்கு நடுவே நிற்கிறார்கள். குளிரவில்லை, நனையவில்லை, இரண்டு சிவப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். அனுப்பி வைத்தவன் நான். கண்டி நகரம் ஏறக்குறைய 7.29 வடக்கு, 80.63 கிழக்கு. மென்பொருள் காட்டிய இரண்டு பெட்டிகளில் எதில் எதை எழுதுவது என்பதை அன்று காலை அவசரத்தில் மாற்றிவிட்டேன். 80 வடக்கு, 7 கிழக்கு என்று போட்டால் நோர்வேக்கும் மேலே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, பனிக்கரடி பார்த்த கடல் வரும். "ரங்கலைப் பக்கத்துத் தோட்டப் பையன்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று மென்பொருள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சேமிக்கப்பட்டது" என்றது.

கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்து பஸ் இரைச்சல் நேராக உள்ளே வரும் ஒரு மாடி அறையில் இருபது வருஷமாகக் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறும் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. ஹந்தானை, அலகல்ல, நக்கிள்ஸ் என்று போவோம். "போவோம்" என்பதில் நான் பாதி வழிவரைதான் சேர்த்தி. முழங்கால் அப்படி. மற்றவர்கள் உச்சிக்குப் போய் வரும்வரை கீழே பிளேன்டீக் கடையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதி வைப்பேன். ஏறத் தெரியாதவனுக்குக் கணக்கெழுதும் வேலை தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

மென்பொருள் பித்து பிடித்ததற்கு ஒரு தேசப்பற்றுக் காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவதற்கு நம் நாட்டு மென்பொருள்காரர்கள் தொண்டாக உட்கார்ந்து 'சஹன' என்ற ஒன்றை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் தாய்வீடு. சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் மலையே சரிந்தபோதும், 2010இல் ஹெயிட்டிக்கும் அது போனது. 2006ஆம் ஆண்டுக்குரிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. தேயிலை, கறுவாவுக்கு அப்புறம் நாம் ஏற்றுமதி செய்த நல்ல சாமான் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் இருபது தடவை சொல்லியிருப்பேன். "யாரும் திருத்தலாம்" என்ற வசதியில் யாரும் என்றால் நானும் அடக்கம் என்பதுதான் அதிலுள்ள ஒரே ஆபத்து.

2023 ஜூலையில் அலகல்ல மலைக்குப் போன டென்மார்க் நாட்டுப் பெண்ணொருவர் காணாமற்போனார். நாட்கணக்காகத் தேடி, கடைசியில் சடலமாகத்தான் கண்டெடுத்தார்கள். நாங்கள் பலமுறை ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு போன மலை அது. அந்த வாரம் எங்கள் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் மலையில் ஆள் தொலைந்தால் பொலிஸ், இராணுவம், வனத் திணைக்களத்தார், பக்கத்து ஊர்க்காரர் என்று எல்லாரும் போகிறார்கள். யார் எங்கே தேடினார்கள் என்ற கணக்கை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று எழுந்து நின்று பேசினேன். பேசினவன் தலையில்தான் வேலை விழும்.

சஹனவை முன்மாதிரியாக வைத்து, மூன்று இரவு முழித்து, ஒன்றை ஒட்டுப்போட்டு எடுத்தேன். எல்லாம் தமிழில். தேடுபவர்களுக்கு நீளப் பெயர் வேண்டாமென்று குறியீடு வைத்தேன்: கு1-03, கு2-05 என்று. பார்க்க இராணுவத் தோரணையாக இருந்தது. எனக்கு அந்தத் தோரணை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "மலையில தொலைஞ்சவங்களத் தேடப் போறாராம். வீட்டுத் திறப்ப எங்க வச்சார்னு கேளுங்க" என்று மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது.

முதற் பயிற்சி ஹந்தானையில். வேல்ஸில் ஒரு மலைமீட்புத் தொண்டர் செய்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்திருந்தேன். தொலைந்தவரின் போனுக்கு ஒரு இணைப்பை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புவார்கள், அவர் அதைத் தொட்டால் போன் தானாகவே தன் இடத்தைத் தேடுபவர்களுக்குச் சொல்லிவிடும். எளிமையான, அழகான யோசனை. அதைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். வங்கியில் வேலை செய்யும் நண்பர் தொலைந்தவராக நடிக்க ஒப்புக்கொண்டு, ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இணைப்பை அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினேன். பதினொரு மணிக்குத் தொலைந்தவர் மூன்று மணிக்குத் தானாகவே இறங்கி வந்தார். "யாரோ லொத்தர் மோசடிக்காரன் விடாம அனுப்பிக்கிட்டே இருந்தான், புளொக் பண்ணிட்டேன்" என்றார். அதற்கென்று புது எண் ஒன்று வாங்கியிருந்தேன். அதை அவரிடம் சொல்ல மறந்திருந்தேன்.

இந்த அனுபவச் செல்வத்தோடு அடுத்த வருஷம் மாசியில் நிஜமான தேடலுக்குப் போனோம்.

ரங்கலைப் பக்கம் ஒரு தோட்டம். அதற்கு மேலே நக்கிள்ஸ் காடு. சிங்களத்தில் தும்பர மலைத்தொடர். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய மலை, உச்சி 1,906 மீட்டர். பகல் பன்னிரண்டுக்கு மேல் மூடுபனி இறங்கினால் தன் கையைத் தானே தேட வேண்டியிருக்கும். உயர்தரப் பரீட்சை முடித்த இரண்டு பையன்கள் முதல் நாள் காலையில் மேலே போனவர்கள் இரவாகியும் வரவில்லை. தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்தவர் போன் செய்தார். விடியற்காலை வேனில் பதினொரு பேர் கிளம்பினோம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மேசை போட்டுக் கொடுத்தார்கள், பிளக் பொயின்ட்டும் இருந்தது. எனக்கு எதிரே பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் சீ.ஆர். கொப்பியும் ஒரு நீலப் பேனையுமாக உட்கார்ந்தார். நான் லப்டொப்பைத் திறந்த விதத்தைப் பார்த்து மரியாதையாகக் கொப்பியைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அங்கேதான் ஆர்க்டிக் சம்பவம். தவறு தெரிந்ததும் சரியான எண்களோடு மறுபடி பதிந்தேன், பழையதை அழிக்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு பையனின் அம்மா வந்து வீட்டுப் பெயர்களைச் சொன்னார்; அதையும் பதிந்தேன். அப்புறம் சார்ஜன்ட் அடையாள அட்டைப் பெயர்களைத் தந்தார். இரண்டு பேர் எட்டுப் பேரானார்கள். திரையில் கொட்டை எழுத்தில் 'காணாமற்போனோர்: 8' என்று வந்ததைத் தேநீர் கொண்டுவந்த பிள்ளை பார்த்துவிட்டது. பத்து நிமிஷத்தில் லயத்திலிருந்து அழுகைச் சத்தம். "எட்டுப் பேராம்!" நான்கு வீடுகளில் தங்கள் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு பையனை முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு இழுத்து வந்தார்கள். அவன் அம்மா அவனை என் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "இவனையும் எழுதியிருக்கீங்களா சேர்?" என்று கேட்டார். எழுதவில்லை என்று திரையைத் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது வரைபடம். நண்பரிடம் நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள் ஒன்று இருந்தது, துணியில் ஒட்டி மடித்தது. பழைய தாள்கள் கந்தவளை ஆதாரத்தில் வரைந்தவை. போனிலுள்ள ஜி.பி.எஸ். பேசுவது வேறு ஆதாரம். இரண்டுக்கும் பெயரளவில் ஒரே பாகைதான், நிலத்தில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 200 மீட்டர் இடிக்கும். இது எனக்குத் தெரியும். வகுப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். பிதுருதலாகல உச்சிதான் நம் நாட்டு வரைபட வலைச்சட்டத்தின் மூலம் என்றும், பழைய கணக்கில் அந்த உச்சிக்கு இரண்டு லட்சம், இரண்டு லட்சம் என்றும், 1999இல் வந்த புதிய கணக்கில் ஐந்து லட்சம், ஐந்து லட்சம் என்றும் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அன்று தாளிலிருந்து அப்படியே எண்ணை எடுத்துத் தட்டினேன். தோட்டப் பக்கத்தில் 200 மீட்டர் என்றால் ஒன்றுமில்லை. ஓடைப் பக்கத்தில் அது எதிர்க்கரை. முதற் குழுவும் இரண்டாம் குழுவும் பாதி நாள் தவறான கரையில் மானாப் புல்லை விலக்கிக்கொண்டு, கால் நிறைய அட்டையோடு திரும்பின. எந்தத் துண்டைத் தேடினார்கள் என்பதே நிச்சயமில்லாததால் அவர்கள் தேடலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று நான் செய்த யோக்கியமான காரியம் அது ஒன்றுதான்.

மாலை ஆறரை. எல்லாரும் திரும்பியாயிற்று. பட்டியலை மூடப் போனால் திரை சொல்கிறது: போனவர் 11, வந்தவர் 10.

"ஒரு ஆள் குறையுது" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

எண்ணினோம். நண்பர் எண்ணினார், பத்து. நான் எண்ணினேன், பத்து. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றங்கரையில் நின்ற அதே நிலை. வீரமாமுனிவர் மட்டும்தான் இல்லை. குறைகிற ஆளின் குறியீடு கு2-05. அது யார் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் ஞாபகமில்லை. தோரணைக்காகப் பெயர்ப் பத்தியை மறைத்து வைத்திருந்தேன். அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதும் மறந்துவிட்டது. இரண்டு பேர் டோர்ச்சோடு மறுபடி காட்டு வாயிலுக்கு ஓடினார்கள். சார்ஜன்ட் கொப்பியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். கடைசியில் நண்பர், குறியீட்டைத் தொட்டால் போன் எண் வருகிறதே, அடித்துப் பார்ப்போம் என்றார். மண்டபத்தில் சிக்னல் இரண்டு கோடு. அடித்தார்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

காலையில் நானும் மேலே போவதாகத்தான் ஏற்பாடு. முதலாம் வளைவிலேயே முழங்கால் மறுத்துவிட்டதால் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன். குழுவிலிருந்து என்னை எடுக்கவில்லை. ஆட்களை எண்ணியபோது, எண்ணுகிறவனாயிற்றே, என்னைச் சேர்க்கவுமில்லை. டோர்ச்சோடு போன இரண்டு பேர் முக்கால் மணி நேரம் கழித்து, தொண்டை கட்டி, "கு டூ சீரோ பைவ்!" என்று கத்திக் களைத்து வந்தார்கள். அவர்களோடு இன்றுவரை நேராக முகம் பார்த்துப் பேச முடியவில்லை. 2012இல் ஐஸ்லாந்தில் ஒரு சுற்றுலாப் பெண், பஸ் நின்ற இடத்தில் உடை மாற்றிக்கொண்டு வந்து, தன்னைத் தேடும் கூட்டத்தில் தானே சேர்ந்து நள்ளிரவு தாண்டும்வரை தேடிய செய்தியைப் பிற்பாடு படித்தேன். படித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

இவையெல்லாம் சிரித்துவிடக்கூடியவை. சிரிக்க முடியாதது ஒன்று அதே மாலை நடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் குழு ஓடைப் பள்ளத்தைத் தேடிவிட்டு வந்தது. தொலைந்தவர்கள் பெரும்பாலும் எங்கே போவார்கள் என்பதற்கு உலகமெங்குமுள்ள தேடல் பதிவுகளைச் சேர்த்து ரொபர்ட் கோஸ்டர் என்பவர் 2008இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அந்த மாதிரிக் கணக்கையெல்லாம் வைத்துக்கொண்டு, தேடவேண்டிய இடத்தை நான் ஆறு துண்டாக்கியிருந்தேன். பையன்கள் ஓடைப் பள்ளத்தில் இருக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. மற்ற ஐந்துக்கும் தலைக்கு 12. ஒரு துண்டைத் தேடி ஆள் கிடைக்காவிட்டால் மென்பொருள் கேட்கும்: ஆள் அங்கே இருந்திருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்க எத்தனை வீதம் வாய்ப்பு? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக நீர்மூழ்கிகளைத் தேடும் கணக்குப் போட்டவர்களிடமிருந்து வந்த கேள்வி அது. குழுத் தலைவரிடம் கேட்டேன். "முழுசாப் பார்த்தாச்சு சேர்" என்றார். முழுசு என்றால் நூறு. 100 என்று தட்டினேன். ஓடைப் பள்ளம் பச்சையானது. அதன் வாய்ப்பு பூச்சியமானது. ஒருமுறை பூச்சியமானால் அந்தக் கணக்கில் பிறகு எத்தனை நாள் தேடினாலும், எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே.

இரவெல்லாம் தூறல். காலையில் சிவப்பாகத் தெரிந்த எட்டத்து முகட்டுக்கு எல்லாரையும் அனுப்ப ஆயத்தமானேன். தோட்டத்தில் காவல் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், தலையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே என் திரையை டீ.வி. பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டினார்.

"இந்தப் பச்ச என்னாங்க சேர்?"

"அங்கே ஆள் இல்லைன்னு அர்த்தம் ஐயா."

"எப்புடித் தெரியும்?"

"நேத்து தேடியாச்சு."

"நேத்து எத்தன மணிக்கு?"

பார்த்தேன். நேரத்தை மட்டும் ஒழுங்காகப் பதிந்திருந்தேன். "மூணு மணி."

"மூணு மணிக்கா? அந்த நேரம் பள்ளத்துல முன்னுக்குப் போறவன் முதுகு தெரியாதே. கீழ அருவி வேற எரையும். காதுகிட்ட கத்தினாலும் கேக்காது."

குழுத் தலைவரைக் கூப்பிட்டேன். எவ்வளவு தூரம் கண் தெரிந்தது? அவர் யோசித்து, மண்டபத்துத் தூணைக் காட்டினார். பன்னிரண்டு அடி இருக்கும். முழுசாப் பார்த்தது பாதையை. பள்ளத்தை அல்ல. அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. 100ஐ அழித்து 50 போட்டேன், அதுவும் பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசித்தான். கணக்கு உடனே புரண்டது: ஓடைப் பள்ளம் 25, மற்றவை தலைக்கு 15. பச்சை போய் அந்தத் துண்டுதான் இப்போது நல்ல சிவப்பு. இதைத்தான் அது இரவெல்லாம் சொல்லக் காத்திருந்திருக்கிறது. நான் வாயை அடைத்து வைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போனது, லப்டொப் மூச்சை விட்டது. சார்ஜன்ட் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

பத்தரை மணிக்கு ஒரு பாறைக் குடையின் கீழே கிடைத்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் புரண்டு பலாப்பழம் போல வீங்கியிருந்தது. மற்றவன் அவனை விட்டுவிட்டுப் போக மாட்டேனென்று உட்கார்ந்திருந்தான். மண்டபத்துக்குத் தூக்கி வந்ததும் அம்மா ஒரு அறை அறைந்துவிட்டுத்தான் கட்டிப்பிடித்தார். கால் புரண்டவன் பிளேன்டீயை ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "நேத்தே வந்தீங்களே சேர். டோர்ச் வெளிச்சம் தெரிஞ்சிச்சு. ரெண்டு பேரும் கத்தினோம். திரும்பிப் போயிட்டீங்க."

ஒரு இரவு. மாசி மாத நக்கிள்ஸில் நனைந்த சட்டையோடு ஒரு இரவு. நான் தட்டிய இரண்டு பூச்சியங்களின் விலை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். 2009 ஜூனில் அத்லாந்திக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447 விமானத்தை இரண்டு வருஷம் கண்டுபிடிக்க முடியவில்லை. கறுப்புப் பெட்டியின் ஒலிக்கருவிகள் வேலை செய்திருக்கும், அந்த இடத்தில் காது கொடுத்தும் கேட்கவில்லை, ஆகவே அங்கே இல்லை என்று கழித்திருந்தார்கள். இரண்டு கருவியும் ஊமையாகியிருந்தால் என்ன ஆகும் என்று மறுபடி கணக்குப் போட்டபோது, கழித்த இடமே மேலே வந்தது. 2011 ஏப்ரலில், தேடத் தொடங்கி ஒரு வாரத்தில் கிடைத்தது. இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னேன். "அவங்க விமானத்த தேடினாங்க, நீ உன்னைத் தேட ஆள் அனுப்பினாய்" என்றார் வங்கி நண்பர்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, இந்த மலைகள் சரிந்து, நாட்டிலேயே அதிக உயிர்களைக் கண்டி மாவட்டம் இழந்தபோது சில பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். பெயர்ப் பட்டியல் பதிய உதவி வேண்டுமாம். அந்த நாட்களைப் பற்றி இந்தப் பத்தியில் எழுத மாட்டேன். வீட்டுப் பெயரையும் அடையாள அட்டைப் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை.

புயலுக்கு வெகு முன்பே, கால் புரண்ட பையன், கால் ஆறியதும், எங்கள் கூட்டத்தில் சேர வந்தான். சந்தோஷமாகப் பதிந்துகொண்டேன். மறுநாள் காலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்குப் போன் வந்தது.

"சேர், எஸ்.எம்.எஸ். ஒண்ணு வந்திருக்கு. தேடுதல் நூத்தியேழாவது நாளாம். எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வரட்டாம்."

தேடலை மூட ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதை அமுக்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் கூட்டத்தின் இருபத்துமூன்று பேருக்கும் அது செய்தி அனுப்பியபடி இருந்திருக்கிறது. இருபத்துமூன்று பேரும் என்னிடமிருந்து வருவதைப் படிப்பதில்லை.

"என் பேரும் போட்டிருக்கு சேர், காணாமற்போனவர்னு. நான் வரணுமா?"

லப்டொப்பைத் திறந்து பார்த்தேன். குழு 2இல், எனக்கு அடுத்ததாக, கு2-06 என்று அவனையும் போட்டிருந்தேன்.